குண்டா, தோட்டாவா?

கேள்வி: ஐயா வைத்திருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு என் பெயரில் லைசென்ஸ் வாங்கியாச்சு. ரைஃபிள் கிளப்பில் தோட்டாவைக் 'குண்டு' என்றதும் சிரித்துவிட்டார்கள். மறுபடி போகத் தயக்கம்.
- வாசகர், தேவகோட்டை

பதில்: போங்க தம்பி! கேப் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி), வெடிமருந்து, தக்கை (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் அடைப்பு), ரவை (சிறு ஈயமணிகள்) எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. உங்களுடையது போன்ற 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கியில் பெரும்பாலும் போடுவது ரவைத் தோட்டா. அதில் ஒற்றைக் குண்டே கிடையாது. (12 என்ன கணக்கு என்று சிரித்தவர்களைக் கேளுங்கள்: ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால், ஒன்றின் விட்டம்தான் குழலின் உள்விட்டம்.) புதிதாக வந்தவருக்கு முதலில் சொல்ல வேண்டியது, குழல் முனை ஆள் பக்கம் திரும்பக்கூடாது, சுடும்வரை விரல் விசையில் படக்கூடாது என்பதைத்தான். பெயரெல்லாம் பழகப் பழக வரும். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.