ஈர்ப்பலைக் கருவிக்கு எந்தச் சுருதி கேட்கும்?

காரைக்குடிப் பக்கத்து வானியல் ஆர்வலர்களின் கேள்விகளும் என் பதில்களும். ஈர்ப்பலை என்பது வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு பரவும் அலை. அமெரிக்காவின் லைகோ கருவி, நீண்ட குழாய்களில் கண்ணாடிகளுக்கிடையே லேசர் ஒளியை ஓடவிட்டு அதை அளக்கிறது. அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைத்தான் இங்கே சுருதி என்கிறேன்; அதன் அலகு ஹெர்ட்ஸ்.

தேவகோட்டை கல்லூரி மாணவர்: 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே லைகோவுக்கு ஏன் காது கேட்பதில்லை?

தம்பி, உங்கள் வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி தொங்கும் கொக்கியை வேகமாக அதிரவைத்தால் பலகை அசையாது. ஊஞ்சலின் சொந்தத் தாளத்தைவிட மெதுவாக நகர்த்தினால் பலகையும் கூடவே வரும். லைகோவின் 40 கிலோ கண்ணாடிகள் நான்கு அடுக்கு ஊஞ்சலாகத் தொங்குகின்றன. தரையின் வேகமான நடுக்கம் அடுக்கடுக்காக வடிந்துவிடும். கடலலை தரும் மெதுவான ஆட்டத்தை அப்படி முழுதாக வடிக்க முடியாது. அப்புறம், தரை அசையும்போது அந்த மண்ணின் ஈர்ப்பே கண்ணாடியை நேராக இழுக்கிறது. அதற்கு எந்த ஊஞ்சலும் தடுப்பில்லை.

காரைக்குடி ஆசிரியை: ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் தரை அமைதிதானே, அங்கே ஏன் மங்குகிறது?

அங்கே இடைஞ்சல் ஒளிதான், டீச்சர். வளவில் மழை பெய்வதைக் கவனியுங்கள். தூறலில் ஒவ்வொரு சொட்டும் தனியாகக் கேட்கும், கொட்டும்போது ஒரே சீரான ஓசையாகிவிடும். லேசரும் சொட்டுச் சொட்டான ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள்தான்; அவை சீரற்று விழுவதே இரைச்சல். திறனைக் கூட்டினால் சீராகும். ஆனால் அதே ஒளி கண்ணாடியைத் தள்ளி, தாழ்ந்த சுருதியில் புது இரைச்சலைக் கிளப்பும். இந்த இழுபறிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இன்னொன்றும் உண்டு. 4 கி.மீ. குழாய்க்குள் ஒளி சுமார் 300 முறை பட்டுத் திரும்பி 1200 கி.மீ. ஓடுகிறது. அதற்கு 4 மில்லி நொடி. ஆயிரம் ஹெர்ட்ஸ் அலை அதற்குள் நான்கு முறை நீட்டிச் சுருக்கிவிடும். நீட்டலும் சுருக்கலும் பெரும்பாலும் கழிந்துபோகும். இதைச் சமாளிக்க ஒளி வெளியேறும் வாசலில் இன்னொரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: பேரன் போட்டுக் காட்டினான், "ஊப்" என்று கேட்டது. அது என்ன?

ஆச்சி, அது 14 செப்டம்பர் 2015 அன்று வந்த முதல் அலையாக இருக்கும். இரண்டு கருந்துளைகள் சுற்றிச் சுற்றி ஒன்றானபோது சுருதி 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 வரை ஏறியது, எல்லாம் 0.2 நொடிக்குள். எடை கூடினால் சுருதி தாழும். 2017-இல் மோதிய நியூட்ரான் விண்மீன்கள் எடை குறைந்தவை. அதனால் அவற்றின் சுருதி மெதுவாக ஏறி, சுமார் 100 நொடி கேட்டுக்கொண்டே இருந்தன.

அதே மாணவர்: சூரியனைப் போல் பல லட்சம் மடங்கு எடையுள்ள கருந்துளைகள்?

அவற்றின் சுருதி மில்லிஹெர்ட்ஸ் அளவு, அதாவது ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. விண்வெளியில் 25 லட்சம் கி.மீ. இடைவெளியில் மூன்று கலங்களை நிறுத்தும் லீசா திட்டம் அதற்காகத்தான். அதற்கும் கீழே, ஓர் அலை கடக்கவே ஆண்டுக்கணக்காகும். அதைத் துடிவிண்மீன்களின், அதாவது சீரான தாளத்தில் ரேடியோத் துடிப்பு அனுப்பும் விண்மீன்களின் துடிப்பை வைத்து அளக்கிறார்கள். புனே அருகிலுள்ள நம் ரேடியோ தொலைநோக்கியும் அந்தப் பணியில் இருக்கிறது.