சுருக்கினால் எது போகிறது?

கேள்வி: ஆசிரியர் ஐயா, அமெரிக்காவில் தோன்றிய ஒரு சபையை ‘மார்மன் சபை’ என்று சொல்லி உலகமே பழகிவிட்டது. அவர்களோ 2018 முதல், ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்று முழுப்பெயரையும் சொல்லுங்கள் என்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் குடியா முழுகிவிடும்?

பதில்: சுருக்கம்! பத்திரிகைத் தொழிலில் நடக்கும் பாவங்களில் பாதிக்கு இந்தச் சொல்தான் சாக்கு. தலைப்பில் இடமில்லை என்று பெயரை வெட்டுவார்கள். பிறகு முதலெழுத்துகளைப் புள்ளி வைத்து அடுக்குவார்கள். கொஞ்ச காலத்தில் அந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்பது அச்சடித்தவருக்கே மறந்துபோகும். முதலெழுத்துச் சுருக்கங்களோடு இந்தப் பக்கம் போட்டுவரும் சண்டை பழையது. இப்போதும் விடுவதாக இல்லை.

மார்மன் என்பவரே சுருக்கும் வேலை செய்தவர்தான். அச்சபையாரின் நம்பிக்கைப்படி அவர் ஒரு பழங்காலத் தீர்க்கதரிசி. தம் மக்களின் நீண்ட ஏடுகளைச் சுருக்கித் தொகுத்தவர். அதனால் அவர்கள் வேதமாகக் கொள்ளும் அந்தத் தொகுப்பு நூலுக்கு ‘மார்மன் புஸ்தகம்’ என்ற பெயர் சரி. சபைக்கு? அதற்கும் அந்த நூலிலேயே விடை இருக்கிறது. சபைக்கு என்ன பெயர் என்று சீஷர்களுக்குள் வாக்குவாதம் வருகிறது (அந்த நூலின் ‘3 நேபி’ என்ற பகுதி, 27ஆம் அதிகாரம்). மோசேயின் பெயரால் அழைத்தால் அது மோசேயின் சபை, ஒரு மனிதனின் பெயரால் அழைத்தால் அது அந்த மனிதனின் சபை என்று கிறிஸ்து சொல்வதாக 8ஆம் வசனம். ‘மார்மன் சபை’ என்ற பெயரை முதலில் மறுப்பது மார்மன் புஸ்தகம்தான்.

அவர்கள் சொல்லச் சொல்லும் முழுப்பெயர் யாரோ குழு கூடி யோசித்த பெயருமல்ல. 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியபோது ‘கிறிஸ்துவின் சபை’. 1834இல் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை’. நாலு வருஷம் கழித்து, 1838 ஏப்ரல் 26 அன்று, மிசௌரியின் ஃபார் வெஸ்டில் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் மூலம் வந்ததாக அவர்கள் ஏற்கும் வெளிப்பாடு இரண்டையும் இணைத்தது. கடவுள் வைத்த பெயர் என்று நம்புகிறவரிடம் போய், நீளமாக இருக்கிறது என்றால் அவர் என்ன செய்வார்?

இதன் ஆழம் தெரிய வேண்டுமானால் அவர்களுடைய ஞாயிறு ஆராதனையைப் பார்க்க வேண்டும். திருவிருந்தில் அப்பத்தை ஆசீர்வதிக்கும் ஜெபத்தில், உம்முடைய குமாரனின் நாமத்தைத் தங்கள்மேல் ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. இந்த ஜெபத்தை வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும். பிசகி, அதைத் திருத்தாமலும் போனால், மறுபடி சொல்ல வேண்டும். பொதுவாக எட்டு வயதில் ஞானஸ்நானத்தின்போது தன்மேல் ஏற்ற நாமத்தை ஓர் உறுப்பினர் வாராவாரம் இப்படிப் புதுப்பிக்கிறார். வெளியே வந்தால் ஊர் அவரை வேறொருவர் பெயரால் கூப்பிடுகிறது.

பட்டப்பெயர் எல்லாமே இழிவு என்று நான் சொல்லவில்லை. அந்தியோகியா நகரில் இயேசுவின் சீஷர்களுக்கு மற்றவர்கள் சூட்டிய பெயர்தான் ‘கிறிஸ்தவர்கள்’. ‘குவேக்கர்’, ‘மெதடிஸ்ட்’ என்ற கிறிஸ்தவப் பிரிவுகளின் பெயர்கள் இரண்டும் கேலியாகத் தொடங்கி ஒட்டிக்கொண்டவை. ஆனால் அந்தியோகியார் வைத்த பெயரில் கிறிஸ்து இருக்கிறார். ‘மார்மன்’ என்பதில் அவர் இல்லை. சபையின் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018 அக்டோபர் மாநாட்டில் இது பெயர் மாற்றமல்ல, திருத்தம் என்றார். 1990லேயே இதைப் பேசியவர் அவர். உலகப் புகழ்பெற்ற மார்மன் டேபர்நாக்கிள் பாடகர் குழுவே தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. புகழ்பெற்ற பெயரைக் கைவிடுவது லேசான காரியமா?

சுருக்கத்தால் வரும் இன்னொரு கேடு, ஆளை மாற்றிவிடுவது. பலதார மணத்தைக் கைவிடும்படி இந்தச் சபை அறிவித்தது 1890இல். அதை ஏற்காமல் பிரிந்துபோன குழுக்களையும் செய்திகள் ‘மார்மன்’ என்றே எழுதின. பழி வந்து விழுந்தது இவர்கள் தலையில்.

எழுதுகிறவர்களுக்கு: முதல் தடவை முழுப்பெயர், பிறகு ‘சபை’ அல்லது ‘இயேசு கிறிஸ்து சபை’ போதும். உறுப்பினர்களைப் ‘பிற்காலப் பரிசுத்தவான்கள்’ என்று எழுதுங்கள். அந்தப் பெயரின் ஆங்கிலச் சுருக்கமான ‘எல்.டி.எஸ்.’ வேண்டாம், அதையும் அவர்கள் தவிர்க்கவே சொல்கிறார்கள். கணினியில் தேடி மாற்றும் வசதியை மட்டும் நம்பாதீர்கள். அது மார்மன் புஸ்தகத்தையும் மாற்றிவிடும். அன்று அச்சபையார் மேற்கே நடந்துபோன வழிக்கான ‘மார்மன் தடம்’ என்ற வரலாற்றுப் பெயரையும் விடாது. இந்த இரண்டும் அப்படியே இருக்க வேண்டியவை. பழைய மேற்கோள்களிலும் கை வைக்காதீர்கள்.