பார்க்ஸ் படிப்பை மூடுகிறார்கள். மகளை என்ன படிக்க வைப்பது?

வாசகி கேள்வி: டல்லஸ் பக்கத்தில் வசிக்கிறோம். பன்னிரண்டாவது படிக்கும் மகள் இரண்டு கோடையாக ஊர் நீச்சல் குளத்தில் சம்பளத்துக்கு லைஃப்கார்டாக இருக்கிறாள். நகராட்சிப் பூங்காத் துறையில்தான் வேலைக்குப் போவேன் என்கிறாள். பக்கத்துப் பல்கலைக்கழகமோ 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' (பூங்கா, பொழுதுபோக்கு மேலாண்மை) பட்டப்படிப்புக்குப் புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டது. வெளிமாநிலம் அனுப்பினால் கட்டணம் எகிறுகிறது. அந்தத் துறைக்கே எதிர்காலம் இல்லையா? 'பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் படி' என்கிறார் என் கணவர்.

பதில்: படிப்புகளை மூடுவது உண்மைதான். அதற்காகப் பூங்காக்களை யாரும் மூடிவிடவில்லை. கோடை வந்தால் லைஃப்கார்டு கிடைக்காமல் குளத்தின் நேரத்தைக் குறைக்கிற நகராட்சிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

படிப்பு ஏன் தேய்கிறது? பள்ளி முடிக்கும்போதே இதைத் தேடி வருகிறவர்கள் எப்போதுமே குறைவு. வேறு எதையோ படிக்க வந்து, இரண்டாம் ஆண்டில் ஒரு நண்பன் சொல்லி இதற்கு மாறியவர்கள்தான் வகுப்பை நிரப்பினார்கள். கல்விக்கடன் பயத்தில் இன்று பலர் நடுவழியில் மாறத் துணிவதில்லை. ஆள் குறைந்த படிப்புகளை மாநிலங்கள் கணக்கெடுத்து வெட்டுகின்றன. அமெரிக்காவில் பிறப்பு 2007-இல் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. அந்தச் சரிவு இப்போது கல்லூரி வாசலுக்கு வந்திருக்கிறது. சம்பளமும் ஈர்ப்பதாக இல்லை. ரெக்ரியேஷன் பணியாளரின் இடைநிலை வருமானம் (பாதிப் பேர் இதற்கும் கீழே வாங்குகிறார்கள்) ஆண்டுக்கு 35,000 டாலரை ஒட்டியே நிற்கிறது. மேற்பார்வையாளர், இயக்குநர் என்று ஏறினால்தான் கை நிமிரும்.

சில இடங்களில் படிப்பு மூடப்படவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'லெஷர் ஸ்டடீஸ்' என்றிருந்த துறை இன்று 'ரெக்ரியேஷன், ஸ்போர்ட் அண்ட் டூரிசம்'. உங்கள் மாநிலத்து டெக்சஸ் ஏ அண்ட் எம்-இல் பார்க் என்ற சொல்லைத் தாங்கியிருந்த துறை, ஹோட்டல் மேனேஜ்மென்ட், டூரிசம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்னொரு குழப்பமும் உண்டு. அரசுப் புள்ளிவிவரத்தில் பூங்காப் படிப்பும், உடல் இயக்க அறிவியலான கினீசியாலஜியும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. கினீசியாலஜிக்குக் கூட்டம் பெருகப் பெருக, மொத்த எண்ணிக்கை ஆரோக்கியமாகத் தெரியும். அதைக் காட்டி 'இந்தத் துறை வளர்கிறது' என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

சரி, அந்தப் பட்டம் இல்லாமல் வேலை கிடைக்குமா? கிடைக்கும். நகராட்சி விளம்பரங்களில் பட்டத்தின் பெயரை எழுதிய கையோடு 'அல்லது தொடர்புடைய துறை' என்றும் போட்டுவிடுவார்கள். நேர்முகத் தேர்வுகளில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: விளையாட்டுத் திடலில் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி ஆபத்து? 3.5 அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குக் கீழ். குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். நான்கு வருடம் இதையே படித்துவிட்டு வந்த ஒருவர் விழித்தார். புல் வெட்டும் வேலையில் சேர்ந்து மேலே வந்தவர் பட்டென்று சொன்னார். வேலை யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

நேரடிப் பட்டத்தால் ஒரு நிச்சயமான லாபம் உண்டு. தேசிய ரெக்ரியேஷன், பார்க் சங்கமான என்ஆர்பிஏ பூங்காத் துறையினருக்குத் தேர்வு வைத்துத் தரும் சிபிஆர்பி சான்றிதழுக்குப் பதவி உயர்வில் மதிப்பு அதிகம். இந்தப் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பான சிஓஏபிஆர்டி-யின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடிக்கிறவர்கள் அந்தத் தேர்வை உடனே எழுதலாம். வேறு பட்டம் என்றால் மூன்று ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும். பள்ளிப்படிப்போடு நிற்பவருக்கு ஐந்து ஆண்டு. ஆக, வெளிமாநிலக் கட்டணத்தில் நீங்கள் வாங்கப் போவது மூன்று ஆண்டுக் காத்திருப்பிலிருந்து விடுதலையை. அந்த மூன்று ஆண்டும் சம்பளத்தோடுதான் போகும் என்பதால், நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மருத்துவமனை, முதியோர் இல்லம், மறுவாழ்வு மையங்களில் ரெக்ரியேஷன் தெரபிஸ்டாக (விளையாட்டு, கலை போன்றவற்றால் நோயாளிகளைத் தேற்றுபவர்) அவள் விரும்பினால், படித்து முடித்து நேராக அந்த வேலைக்கான சிடிஆர்எஸ் சான்றிதழுக்குப் போகக் குறிப்பிட்ட பாடங்களும் 560 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் கட்டாயம். அங்கே குறுக்கு வழி கிடையாது. சரியான படிப்பைத் தேடிப் போகத்தான் வேண்டும். சம்பளமும் மேல்: இடைநிலை 60,000 டாலரை ஒட்டி வருகிறது.

அவள் சம்பளம் வாங்கி வேலை பார்த்திருப்பதால் வேலை அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கிரீன் கார்டு இருந்தால் நகராட்சி வேலைகளுக்குப் பெரும்பாலும் போதும். தேசியப் பூங்கா ரேஞ்சர் கனவு இருந்தால் குடியுரிமை வேண்டும். அந்த வேலைக்கு ஏற்கிற பாடங்களின் பட்டியலில் வரலாறு, தொல்லியல், இயற்கை அறிவியல், சமூகவியல், பிசினஸ் என்று எல்லாம் இருக்கின்றன. பூங்கா மேலாண்மை அதில் ஒன்று, அவ்வளவுதான்.

அதனால் பக்கத்திலேயே, உள்மாநிலக் கட்டணத்தில், பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷனோ சுற்றுச்சூழல் படிப்போ எடுக்கச் சொல்வேன். பூங்கா இயக்குநரின் நாள் பட்ஜெட்டிலும் கவுன்சில் கூட்டத்திலும்தான் கரைகிறது. உங்கள் கணவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது: மரங்களையும் குழாய்களையும் வரைபடத்தில் ஏற்றும் ஜிஐஎஸ் தெரிந்த ஆள் பூங்காத் துறைக்குத் தேவை. அதைத் துணைப்பாடமாக (மைனர்) வைத்துக்கொள்ளலாம்.

நேரடிப் படிப்பேதான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தால், கல்லூரியில் மூன்றைக் கேளுங்கள்: நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், போன ஆண்டு முடித்தவர்கள் எத்தனை பேர், அடுத்த அங்கீகார ஆய்வு எப்போது. சேர்ந்த பிறகு மூடினால் இருக்கும் மாணவர்கள் படிப்பை முடிக்க என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தக் கோடையில் லைஃப்கார்டு நாற்காலியிலேயே உட்கார வைக்காமல், ஷிப்ட் போடுவது, குளோரின் அளவு பார்த்து எழுதுவது போன்ற வேலைகளைக் கொடுக்கும்படி மேலாளரிடம் அவளே கேட்கட்டும். பதினெட்டு ஆனதும் நீச்சல் குளப் பராமரிப்புக்கான சிபிஓ சான்றிதழ் வகுப்புக்கும் போகலாம்; இரண்டு நாள்தான். பணியாளருக்கான கட்டணத்தை நகராட்சியே கட்டுவதும் உண்டு. கோடைக்கு ஆள் எடுப்பது வசந்தத்திலேயே முடிந்துவிடும் என்பதால், சீக்கிரம் கேட்கச் சொல்லுங்கள்.