தறிக்கொட்டில் யார் வளவில் நிற்கிறது?

கேள்வி: கிழக்கிலங்கை மருதமுனையில் மூத்தாப்பா தொடங்கிய கைத்தறி எங்களுடையது. இப்போது வாப்பா வீட்டு வளவில் எட்டுத் தறி போட்டுச் சாறன் நெய்விக்கிறார். கொழும்பு வேலையை விட்டு வந்து மின்தறி போடுகிறேன் என்றால், "நான் மௌத்தாகும் வரை கைத்தறிதான்" என்கிறார். அடுத்த வருடம் தங்கச்சிக்குக் கல்யாணம் வேறு. என்ன செய்வது?

பதில்: தம்பி, வாப்பாவைப் பிடிவாதக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழுபதுகளின் முற்பாதியில் வெளிநாட்டுத் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தது, நெய்தது விற்றது. 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் மலிவுத் துணி வந்து குவிந்தது. 2004இல் சுனாமி. 2022இல் ரூபாய் விழுந்து, இறக்குமதி நூல் விலை ஏறியது. இத்தனைக்கும் பிறகு தறி ஓடுகிறதென்றால் எதையோ மாற்றி மாற்றித்தான் ஓட்டியிருக்கிறார்கள். எதை என்று உட்கார்ந்து கேளுங்கள்.

மின்தறி விஷயத்தில் நான் வாப்பா பக்கம். நாலு மின்தறியை வைத்துக்கொண்டு பெரிய ஆலைகளோடு விலையில் மோத முடியாது. கைத்தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓடி, ஒவ்வோர் இழையாகத் தறியின் விழுதிலும் அச்சிலும் கோத்து முடிக்கத்தான் நாள் பிடிக்கும். அது முடிந்தால், குறுக்கே ஓடும் நாடாவில் உள்ள ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, மாற்றி ஒரே பாவில் நாலு நிறத்தில் துணி எடுக்கலாம். பத்துத் துணிக்கு ஓடர் தருபவரை ஆலைக்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான். சின்ன ஹோட்டல், உடுப்புக் கடை என்று அப்படிப்பட்ட ஆட்களைக் கொழும்பில் தேடிப் பிடிப்பது உங்கள் வேலை. வாப்பாவிடம் இரண்டு தறியை மட்டும் கேளுங்கள். நூல் காசு, கூலி, வரவு எல்லாம் தனிக் கொப்பியில் இருக்கட்டும். நெய்கிற பெண்களுக்குக் கூலியைக் கூட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கார்மென்ட்ஸுக்குப் போய்விடுவார்கள், பிறகு தறி இருந்தென்ன?

தங்கச்சி கல்யாணத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நம்ம பக்கம் கல்யாணத்தோடு வீடு வளவு பெண்பிள்ளைக்கு. நாளைக்கு உங்கள் தறிக்கொட்டில் நிற்பது தங்கச்சியின் காணியில். மச்சான் தங்கமானவராகவே இருக்கட்டும், விடிய விடியத் தறிச் சத்தம் கேட்க அவருக்கு என்ன தலையெழுத்து? தங்கச்சி பெயரில் காணி உறுதி எழுதுவதற்கு முன்பே, வாடகையா, பங்கா, வேறு துண்டுக் காணியா என்று தங்கச்சியையும் வைத்துப் பேசிவிடுங்கள். என்னைக் கேட்டால் பங்கு. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியும்போதே அவள் பெயரையும் போட்டுவிடலாம்.

அதுவரைக்கும் கொழும்பு வேலையை விடவேண்டாம்.