சுவாசக் கவசம் கொடுத்துவிட்டால் நிர்வாகத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கேள்வி: கல் அறுக்கும் ஆலையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நுரையீரலில் சிலிக்கோசிஸ் (கல் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நோய்) தொடங்கியிருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இழப்பீடு கேட்டால், "95 சதவீதத் தூசியைத் தடுக்கும் கவசம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்" என்கிறது நிர்வாகம். எனக்கு வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது. அந்தக் கையெழுத்தை நினைத்து மனம் தளராதீர்கள். கவசம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

95 சதவீதம் என்பது ஆய்வுக்கூடத்தில் வடிகட்டியைச் சோதித்து எடுத்த அளவு. மூக்கின் இரு பக்கமும் தாடைக்குக் கீழும் உள்ள இடுக்கு வழியாக நுழையும் தூசி அந்தக் கணக்கில் வராது. உண்மையான பாதுகாப்பை, நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சட்டைக் காலர் அருகே ஒன்று, கவசத்துக்குள் செருகிய சிறு குழாய் வழியாக ஒன்று என இரண்டு காற்று மாதிரிகளை, இடுப்பில் கட்டிய பம்புகள் ஒரே நேரத்தில் இழுக்கும். வெளித்தூசியின் அளவை உள்தூசியின் அளவால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி கிடைக்கும். மூக்கையும் வாயையும் மூடும் அரைமுகக் கவசத்துக்கு அமெரிக்க விதிகள் தரும் மதிப்பு 10; அதாவது வெளித்தூசியில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரும். அதுவும் பயிற்சியும், கவசம் இடுக்கில்லாமல் பொருந்துகிறதா என்று ஆண்டுதோறும் ஒவ்வொருவர் முகத்திலும் செய்யும் பொருத்தச் சோதனையும் இருந்தால்தான். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சோதனை நடந்ததா?

"நீங்களே கழற்றிவிட்டீர்கள்" என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். 8 மணி நேர வேலையில் 48 நிமிடம் கழற்றினாலே 10 என்பது ஏறத்தாழ 5 ஆகச் சரிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் தூசியில்லாத இடத்தில் தண்ணீர் குடிக்க வசதி செய்தார்களா? மூச்சு முட்டுகிறது என்றபோது வேறு கவசம் தந்தார்களா? மேற்பார்வை இருந்ததா? இவற்றுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் பாய்ச்சி அறுப்பது, தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சுவது ஆகியவற்றைச் செய்த பிறகும் மிஞ்சும் தூசிக்குத்தான் கவசம். அவற்றைச் செய்யாமல் கவசத்தை மட்டும் நீட்டியிருந்தால், உங்கள் வழக்கின் வலுவே அங்குதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை, தேவையான இடத்தில் பாதுகாப்புக் கருவி தருவது முதலாளியின் கடமை என்றும், பாதுகாப்புச் செலவு எதுவும் தொழிலாளியின் தலையில் விழக்கூடாது என்றும் சொல்கிறது.

பொருத்தச் சோதனைப் பதிவு, தூசி அளவீட்டு அறிக்கைகள், கவசத்தின் வகை, மாற்றிக் கொடுத்த தேதிகள் ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனத்தையும் வழக்கில் எடுத்துக்காட்டலாம். ஆலைக் கூடத்தின் ஓரத்தில் வைத்த கருவி காட்டிய தூசி அளவை நிர்வாகம் ஆதாரமாக நீட்டினால், அது நீங்கள் சுவாசித்த காற்றின் அளவல்ல என்று எழுத்திலேயே மறுத்துவிடுங்கள். பயன்படுத்திய கவசம் ஒன்றை உறையிலிட்டு வையுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாள் எதிலும் கையெழுத்திடாதீர்கள். நோய் தெரியவந்த நாளிலிருந்தே வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு ஓடத் தொடங்கியிருக்கலாம். ஆகவே மருத்துவச் சான்றோடு இந்த வாரமே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.