மூன்று கொட்டேஷன், மூன்று கணக்கு: கட்டட ஒப்பந்தம் பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் 1,200 சதுர அடியில் வீடு கட்டப் போகிறோம். ஒருவர் மெட்டீரியலோடு சேர்த்து சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்கிறார். ஒரு மேஸ்திரி கூலி மட்டும் 550 என்கிறார், பொருள் எல்லாம் நாங்கள் வாங்கித் தர வேண்டும். மூன்றாவதாக ஒரு இன்ஜினியர் நாலு பக்கத்துக்கு ஐட்டம் ஐட்டமாக ரேட் போட்டு மொத்தம் 29 லட்சம் என்று கொடுத்திருக்கிறார். யாருக்குக் கொடுக்கலாம்?

இப்போதைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள். மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், அதனால் எது கம்மி என்று பார்க்கவே வழியில்லை. 2,300 ரூபாய்க் கணக்கில் 27,60,000 வருகிறது, இன்ஜினியர் சொன்னதைவிட 1,40,000 மிச்சம் என்று மனசு உடனே சொல்லும். ஆனால் அந்த 1,200 அடியை அவர் எப்படி அளப்பார் என்று கேட்டீர்களா? போர்டிகோவையும் மாடிப்படிக்கு மேலே எழுப்பும் ஹெட்ரூமையும் முழுசாகச் சேர்க்கிறவர் உண்டு, பாதி போடுகிறவர் உண்டு, சன்ஷேடைக்கூட அளக்கிறவர் உண்டு. அப்படி 160 அடி கூடினால் அங்கேயே 3,68,000 ஏறிவிடும். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எல்லாம் சதுர அடி ரேட்டுக்குள் வருமா என்பது அப்புறம்தான் தெரியும், அதுவும் சண்டையாகத்தான் தெரியும்.

கன்னங்குறிச்சி என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏற்காடு மலை அடிவாரத்தில் எங்கே பாறை வரும் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் என் அக்கா வீட்டுக்குக் கடைக்கால் குழி தோண்டும்போது மூன்றரை அடி போனதுமே கடப்பாரை ணங்கென்று நின்றுவிட்டது. குழிக்குள் இறங்கிய மேஸ்திரி மண்ணைக் கையால் தள்ளிவிட்டுப் பார்த்தார், அடியில் சாம்பல் நிறத்தில் ஒரே பாளமாக இருந்தது. "பாறை உடைக்கிறது நம்ம ரேட்ல வராதுங்க" என்றார் கான்ட்ராக்டர். பாதிக் குழி தோண்டியாயிற்று, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, கம்ப்ரசர் வண்டிக்கு அவர் சொன்னதுதான் வாடகை. குழி தோண்டுவதற்கு முன்னாலேயே மண், சரளை, பாறை மூன்றுக்கும் கன அடிக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கியிருந்தால் அக்காவுக்கு அந்த ஒரு வார அழுகை மிச்சமாகியிருக்கும். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வேலையை எடுக்கப் போகாத ஒரு இன்ஜினியரிடம் கட்டணம் கொடுத்து, வரைபடமும் அளவுப் பட்டியலும் போட்டு வாங்குங்கள். எத்தனை கன அடி மண் வேலை, எத்தனை கன அடி கான்கிரீட், எத்தனை கிலோ கம்பி, எத்தனை சதுர அடி பூச்சு என்று அளவு இருக்க வேண்டும், ரேட் இருக்கும் இடம் காலியாக இருக்க வேண்டும். அதே தாளை மூன்று பேருக்கும் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். அரசு டெண்டரில் எல்லாருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுப்பதும் இதற்காகத்தான். பட்டியலில் "அல்லது அதற்கு ஈடான பிராண்ட்" என்ற வார்த்தையை மட்டும் சேர்க்க விடாதீர்கள், எல்லா ஓட்டையும் அதில்தான் இருக்கிறது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் இரண்டு இரண்டு பிராண்ட் பெயரை எழுதிவிடுங்கள், டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எத்தனை ரூபாய்ச் சரக்கு என்று எழுதுங்கள். கம்பி எடையை நீங்களே சரிபார்க்கலாம்: மில்லிமீட்டர் அளவை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 8 எம்எம் 0.395 கிலோ.

லேபர் கான்ட்ராக்டில் ஒரு நிஜமான லாபம் உண்டு. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசிய ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. பொருளோடு சேர்த்து எடுக்கிறவர் ஜிஎஸ்டியில் பதிவு பெற்றவர் என்றால் 18 சதவீதம் வரும், ஆகவே 2,300 என்பது வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். ஆனால் காலையில் எம்-சாண்ட் லாரி வரும்போது யூனிட் அளக்கவும், சாயங்காலம் எத்தனை மூட்டை சிமெண்ட் போனது என்று எண்ணவும் வீட்டில் ஒருவர் இருக்க முடியுமா? இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் கூலி ஒப்பந்தம் வேண்டாம் என்றே சொல்வேன். சிமெண்ட் வீணானாலும் கம்பி துண்டாகிப் போனாலும் மேஸ்திரிக்கு நஷ்டமில்லை, அந்த நஷ்டம் முழுக்க உங்களுடையது.

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. மொட்டைமாடி நீர்க்கசிவுக்கும் வெளிப்பூச்சுக்கும் டெண்டர் விடப் போகிறோம். குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 1998-ஆம் வருட டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் தமிழ்நாடு அரசுத் துறைகளையும் அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும், உங்கள் சங்கத்தை அல்ல. ஆனால் அதிலிருந்து இரண்டு பழக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது இரட்டைக் கவர் முறை. ஒரு கவரில் அனுபவம், செய்து முடித்த வேலைகள், என்ன கெமிக்கல், எத்தனை கோட் என்ற விவரம், இன்னொரு கவரில் விலை. முதல் கவரைப் பார்த்துத் தகுதி உள்ளவர்களைத் தேர்ந்த பிறகுதான் விலைக் கவரைத் தொட வேண்டும், தகுதி இல்லாதவரின் விலைக் கவர் பிரிக்காமலே திரும்பிப் போகட்டும். முதலிலேயே விலையைப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் தகுதியைப் பேச மாட்டார்கள். இரண்டாவது, பேரம் பேசினால் குறைந்த விலை கொடுத்து முதலில் நிற்பவரிடம் மட்டும் பேசுவது. ஒருவர் விலையை இன்னொருவரிடம் சொல்லிக் குறைக்கச் சொன்னால் அடுத்த தடவை நல்ல ஆள் உங்கள் டெண்டருக்கு வரமாட்டார்.

கவர் பிரிக்கும் நாளில் விலை கொடுத்த எல்லாரையும் கூப்பிடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போடட்டும், அடித்துத் திருத்திய எண் இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு அங்கேயும் கையெழுத்து. எண்ணிலும் எழுத்திலும் தொகை மாறினால் எது செல்லும் என்பதை டெண்டர் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். நீர்க்கசிவு வேலைக்குப் பில் தொகையில் 5 சதவீதத்தைப் பிடித்துவைத்து, ஒரு ஐப்பசி மழை முழுசாகப் பெய்து முடிந்த பிறகு கொடுங்கள். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பில் கொடுக்கும்போது சொன்னால் அது நியாயமில்லை.

கேள்வி: ஏற்காட்டில் நாங்கள் போய்த் தங்க ஒரு சின்ன வீடு. சேலத்துக் கான்ட்ராக்டர் மலைக்கு என்று தனியாக 20 சதவீதம் கேட்கிறார். சரியா?

கூடுதல் கேட்பது சரி, சதவீதமாகக் கேட்பது சரியில்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் ஜல்லியும் செங்கல்லும் போகிறது, பெரிய லோடை அடிவாரத்திலேயே இறக்கிச் சின்ன வண்டிக்கு மாற்ற வேண்டியும் வரும். அந்தச் செலவு பொருளுக்குத்தான், ஸ்விட்ச் பெட்டிக்கும் பெயிண்ட் கூலிக்கும் ஏன் அதே 20? "சைட்டில் இறக்கிய விலை" என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள், ஆட்கள் தங்கும் செலவைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.

மழையையும் மறக்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. அப்படிப் பாதை அடைபட்ட நாட்களுக்குக் கெடுவை நீட்டித்துத் தருவீர்கள், சும்மா உட்கார்ந்த கூலியைத் தரமாட்டீர்கள் என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், மலைப்பகுதிக்குக் கட்டட அனுமதி விதிகள் தனி. அனுமதி கைக்கு வந்த வரைபடத்துக்குத்தான் விலை கேட்க வேண்டும், வரைபடம் மாறினால் விலையும் மாறும்.

கேள்வி: லிண்டல் வரை, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டை வரை, கட்டிவிட்டு ஆள் வருவதே இல்லை. 11 லட்சம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் நின்றுபோன இடம் வரை தேதியோடு போட்டோ எடுங்கள், ஒரு இன்ஜினியரை வைத்து அளந்து முடிந்த வேலையின் மதிப்பை எழுதி வாங்குங்கள். வேறு ஆளை வைத்து மேலே கட்டிவிட்டால் அப்புறம் எது யார் கட்டியது என்று சொல்ல முடியாது. பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான், கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே முடியும், 10 முதல் 20 லட்சம் வரைக்குக் கட்டணம் 400 ரூபாய், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆகவே "அடுத்த மாசம் வர்றேன்" என்று அவர் போனில் சொல்வதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். பணம் ஜிபேயிலோ வங்கியிலோ போயிருந்தால் அந்த ஸ்டேட்மெண்ட் போதும். கையில் கொடுத்தது என்றால், அவர் கணக்கு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு எதுவும் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள்.