நான்கு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு புல்வெட்டும் வண்டியை ஓட்டலாமா?

கூடாது. அமெரிக்காவில் பெரிய புல்வெளியுடன் வீடு வாங்கியிருப்பதாகவும், மகன் ஆசைப்படுவதால் மெதுவாக ஒரு சுற்று மட்டும் அழைத்துப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் அதன் அடியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முறை சுழலும் தகட்டின் முனை, மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை எட்டக்கூடியது. ஒரு குலுக்கலில் மடியிலிருந்து நழுவும் குழந்தை விழுவது அந்தத் தகட்டின் அருகில்தான்.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அதற்குப் பின் நடப்பது. ஒருமுறை ஏறிச் சுற்றிய குழந்தைக்கு அந்த வண்டி விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது. மறுவாரம் சத்தம் கேட்டதும், தன்னையும் ஏற்றிக்கொள்வார்கள் என்று நம்பி அது பின்னாலிருந்து ஓடிவரும். இயந்திர இரைச்சலில் அதன் குரல் உங்களுக்குக் கேட்காது. பின்னோக்கி நகர்த்தும்போது உயரம் குறைந்த பிள்ளை கண்ணிலும் படாது. சிறு குழந்தைகள் கால்விரல்களையோ பாதத்தையோ இழக்கும் மிகக் கொடிய விபத்துகள் பல இப்படித்தான் நேர்கின்றன. வண்டியை ஓட்டியவர் பெரும்பாலும் அப்பாவோ தாத்தாவோதான். மண்ணும் புல்லும் புகுந்த காயமாதலால் பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்படலாம். எலும்பின் வளர்ச்சிப் பகுதி சேதமடைந்தால் கால் வளர்ச்சியே பாதிக்கப்படும்.

பின்னோக்கி நகரும்போது தகடு தானாக நிற்கும் வசதி உள்ள வண்டியையே வாங்குங்கள். அதை முடக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். தள்ளிச் செல்லும் புல்வெட்டியில், கைப்பிடியை விட்ட 3 விநாடிகளுக்குள் தகடு நிற்க வேண்டும் என்பது 1982 முதல் அங்கு நடைமுறையில் உள்ள விதி. வசதிக்காக அந்தப் பிடியைக் கயிற்றால் கட்டிவைப்பது அந்தப் பாதுகாப்பையே அழிப்பதாகும்.

எங்கள் வீட்டில் புல்வெட்டும் நேரத்தில் பிள்ளைகள் கதவுக்கு உள்ளே, பெரியவர் ஒருவரின் நேரடிப் பார்வையில்தான் இருப்பார்கள். தகட்டில் பட்டுத் தெறிக்கும் கல் தொலைவில் நிற்பவரின் கண்ணையும் தாக்கும் என்பதால், வெட்டுவதற்கு முன் கற்களையும் குச்சிகளையும் பொறுக்கிவிடுகிறோம். அணைத்த பிறகும் இயந்திரம் சுடும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். தள்ளும் புல்வெட்டிக்குக் குறைந்தது 12 வயது, ஏறி ஓட்டும் வண்டிக்கு 16 வயது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை.

விபத்து நேர்ந்துவிட்டால் உடனே 911-ஐ அழையுங்கள். சுத்தமான துணியால் காயத்தை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டி நேரடியாகத் தசையில் படக் கூடாது.